ஃபேக்டரி, கேமரா, கெஸ்ட் வைஃபை எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடக்கிறது: விலான் போட்டுப் பிரிக்கலாமா?

கோத்தகிரிக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணினி, கேமரா, பில்லிங் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சுற்றியுள்ள சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் ஆக்கும் ஃபேக்டரி. பக்கத்திலேயே ஒரு பழைய பங்களா. அதில் மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம்.

நேற்று மதியம் கரண்ட் போய் வந்தது. எடைமேசை கணினி மறுபடி ஆன் ஆனதும் பில்லிங் புரோகிராம் சர்வரைக் காணவில்லை என்றது. வெளியே இரண்டு பிக்கப் வண்டி நிறைய இலை மூட்டை. சாக்குக்குள் அடைந்து கிடந்தால் இலை சூடேறிச் சிவந்துவிடும், தரம் போய்விடும். விவசாயிகள் மூட்டைக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். துண்டுச் சீட்டில் எழுதி எடை போடச் சொல்லிவிட்டு நான் கணினியைப் பார்த்தேன். எங்கள் முகவரி எல்லாம் 192.168.1 என்று தொடங்கும். இந்தக் கணினி மட்டும் 192.168.0.107 என்ற முகவரியோடு உட்கார்ந்திருந்தது.

ஏதோ வேறொரு ரூட்டர் முகவரி கொடுக்கிறது என்று புரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. அந்த ரூட்டரின் முகவரி 192.168.0.1ஆக இருக்கும் என்று, ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதில் பார்க்கும் பிங்கை அதற்கு விடாமல் ஓடவிட்டு, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஆபீஸ் ஸ்விட்ச் பெட்டியில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினேன். பதினோராவது கேபிளில் பிங் நின்றது. பங்களாவுக்குப் போகும் கேபிள். அறையில் வைஃபை சரியாக எட்டவில்லை என்று ஒரு விருந்தினர் தன் பயண ரூட்டரைச் சுவரில் இருந்த நெட்வொர்க் சாக்கெட்டில் செருகியிருக்கிறார். அவர் மேல் தப்பு இல்லை, சாக்கெட் இருந்தது, செருகினார். ஆனால் ஒன்றேகால் மணி நேரம் எடை நின்றது.

ஆபீசில் 24 போர்ட், ஃபேக்டரிக்குள் 16, பங்களாவில் 8, ஆக மூன்று ஸ்விட்ச். எல்லாம் சாதாரண, அமைப்பு எதுவும் மாற்ற முடியாத வகை. கேமரா 12. ஒருவர் தனித்தனி ஸ்விட்ச் வாங்கு என்கிறார், இன்னொருவர் விலான் போடு என்கிறார். விலான் பற்றிப் படித்தேன், மனதில் நிற்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெலிங்டன் வாசி | ஞாயிறு, இரவு 11:05

தம்பி, நேற்று என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். அது புரிந்தால் விலான் தானாகப் புரியும்.

கணினி ஆன் ஆனதும் அதற்கு முகவரி கிடையாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதனால் ‘யாராவது முகவரி கொடுங்கள்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். இதுதான் பிராட்காஸ்ட். சாதாரண ஸ்விட்ச் அந்தக் கூவலை வந்த போர்ட் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் தள்ளிவிடும். பங்களா வரைக்கும் போகும். முகவரி கொடுப்பதற்கென்று இருப்பதை டிஎச்சிபி சர்வர் என்பார்கள், ரூட்டருக்குள்ளேயே அது இருக்கும். முதலில் பதில் சொல்லும் டிஎச்சிபி சர்வர் கொடுத்த முகவரியைத்தான் பெரும்பாலும் கணினி எடுத்துக்கொள்ளும். நேற்று அந்தப் பயண ரூட்டர் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு கூவல் எவ்வளவு தூரம் கேட்குமோ அதுதான் ஒரு பிராட்காஸ்ட் எல்லை. உங்கள் ஃபேக்டரி, கேமரா, விருந்தினர் மூவரும் ஒரே எல்லைக்குள் இருக்கிறார்கள்.

விலான் என்பது ஒரே ஸ்விட்சுக்குள் பல எல்லைகளை வரைவது. ஒன்று முதல் எட்டு வரை உள்ள போர்ட் விலான் 10, ஒன்பது முதல் பதினாறு வரை விலான் 30 என்று சொல்லிவிட்டால், பத்தில் கூவியது முப்பதுக்குக் கேட்காது. எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் வைத்திருக்கும் பட்டியலும் விலான் வாரியாகத் தனித்தனி. பெட்டி ஒன்று, உள்ளே இரண்டு ஸ்விட்ச் இருப்பது மாதிரி நடந்துகொள்ளும்.

ஒரு ஸ்விட்சோடு நின்றால் இவ்வளவுதான் விஷயம். இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே ஒரே கேபிள் போகும்போதுதான் உண்மையான வேலை. உங்களுக்குத் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன். அரவேணு கொள்முதல் நிலையத்து இலையும் கட்டபெட்டு நிலையத்து இலையும் ஒரே லாரியில் வருகிறது என்று வையுங்கள். லாரிக்கு ஒரே ரோடுதான். மூட்டை கலந்துவிடாமல் ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பெயின்ட் குறி போட்டு ஏற்றுவார்கள். ஃபேக்டரியில் குறியைப் பார்த்து அந்தந்த வரிசையில் இறக்குவார்கள். கொட்டிய பிறகு சாக்கு வேண்டாம், இலை மட்டும் தொட்டிக்குப் போகும்.

லாரி ஓடும் ரோடுதான் டிரங்க் போர்ட். பெயின்ட் குறிதான் டேக். இலை கொட்டும் இடம் ஆக்சஸ் போர்ட். கணினி, கேமரா, பிரின்டர் எல்லாம் ஆக்சஸ் போர்ட்டில் இருக்கும். ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே டிரங்க்.


கூடலூர் மாணவி | திங்கள், காலை 7:20

அண்ணா, நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூட்டை உதாரணம் நன்றாகப் புரிந்தது. இரண்டு சந்தேகம். கேபிளில் தகவல் ஃபிரேம் என்ற சிறு சிறு பொட்டலமாகப் போகிறதே, அந்தக் குறி ஃபிரேமில் எந்த இடத்தில் உட்காருகிறது? மடிக்கணினிக்கு அது தெரியுமா?


வெலிங்டன் வாசி | திங்கள், காலை 8:10

நல்ல கேள்வி, தங்கச்சி. ஈதர்நெட் ஃபிரேமில் முதலில் போய்ச் சேர வேண்டிய மேக் முகவரி, அடுத்து அனுப்பியவரின் மேக் முகவரி. அதற்கு அப்புறம் 4 பைட் செருகுகிறார்கள். முதல் 2 பைட் பதினறும எண்ணில் 8100. ‘இதில் விலான் குறி இருக்கிறது’ என்பதற்கு அடையாளம். அடுத்த 2 பைட், அதாவது 16 பிட், மூன்றாகப் பிரிகிறது. 3 பிட் முன்னுரிமை. 1 பிட், நெரிசல் வந்தால் இதைக் கைவிடலாம் என்ற குறிப்பு. மீதி 12 பிட் விலான் எண். 12 பிட் என்றால் 0 முதல் 4095 வரை. இரண்டு ஓரமும் ஒதுக்கப்பட்டவை, ஆகப் பயன்படுத்தக்கூடியது 4094.

ஐட்ரிபிள்ஈ 802.1கியூ என்ற பொதுத் தரநிலையைத் தேர்வில் கேட்பார்களே, அது இதுதான். 1998இல் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் குறி போட்டது. சிஸ்கோவுக்கு ஐஎஸ்எல் என்று ஒன்று இருந்தது, அது ஃபிரேமையே முழுசாக இன்னொரு உறைக்குள் போடும். ஒரே உள்ளூர் நெட்வொர்க்கை இப்படிப் பல எல்லையாகப் பிரிக்கும் யோசனையே 1980களில் அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி செய்த வேலையிலிருந்து வந்தது.

மடிக்கணினிக்குக் குறி தெரியாது. ஆக்சஸ் போர்ட்டில் வெளியே போகும்போது ஸ்விட்ச் குறியைக் கழற்றிவிடும், உள்ளே வரும்போது போட்டுக்கொள்ளும்.

ஒரு விஷயம் தேர்விலும் வரும், வேலையிலும் வரும். குறி சேர்ந்தால் அதிகபட்ச ஃபிரேம் அளவு 1518 பைட்டிலிருந்து 1522 ஆகும். நடுவில் ஒரு பழைய மலிவு ஸ்விட்ச் இருந்தால் சிறிய ஃபிரேம் எல்லாம் போகும், பெரிய ஃபிரேமை மட்டும் அளவு மீறியது என்று தூக்கிப் போட்டுவிடும். பிங் போகும், இணையப் பக்கம் திறக்காது. இதைத் தேடி நான் ஒரு முழு நாள் அலைந்திருக்கிறேன். கோத்தகிரி தம்பி, டிரங்க் போகும் வழியில் பழைய ஸ்விட்ச் ஒன்றுகூட இருக்கக் கூடாது.


குன்னூர் கேபிள் | திங்கள், மதியம் 1:35

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் நான் வேறு பக்கம் நிற்கிறேன். கேமராவுக்குத் தனி ஸ்விட்சும் தனி கேபிளும் போடுங்கள். நான் இந்த மலையில் கேமரா மாட்டுகிறவன். விலான் போட்டுவிட்டுப் போன ஆள் ஊரை விட்டுப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து ஒரு கேமரா வேலை செய்யாது. வேறொருவர் வருவார், ஸ்விட்சுக்குப் பாஸ்வேர்டு தெரியாது, ஊசியை விட்டு ரீசெட் செய்வார். எல்லாப் போர்ட்டும் மறுபடி விலான் 1. பிரித்தது எல்லாம் போச்சு. தனி ஸ்விட்ச் என்றால் கண்ணால் பார்த்தாலே தெரியும், நீலக் கேபிள் கேமரா, சாம்பல் கேபிள் ஆபீஸ் என்று.

இன்னொன்று. விலான் போட்டால் வேகம் கூடும் என்று சிலர் நம்புகிறார்கள். கூடாது. 12 கேமரா, ஒன்றுக்கு 4 மெகாபிட் வைத்தால் 48 மெகாபிட். இடையில் போகும் கேபிள் 100 மெகாபிட் என்றால், எத்தனை விலானாகப் பிரித்தாலும் பாதி ரோட்டைக் கேமராவே அடைத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் பங்களா எவ்வளவு தூரம்? கேபிள் எப்படிப் போகிறது?


கோத்தகிரிக்காரன் | திங்கள், இரவு 8:50

பங்களா சுமார் 180 மீட்டர். செம்புக் கேபிள்தான் அண்ணா. தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் கட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். பாதி வழியில் மோட்டார் ஷெட்டில் ஒரு 5 போர்ட் ஸ்விட்ச் வைத்துத் தொடர்கிறது. போன ஐப்பசியில் இடி விழுந்து அது ஒரு தடவை போய்விட்டது.


குன்னூர் கேபிள் | திங்கள், இரவு 9:30

அதை முதலில் கழற்றுங்கள். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, அதனால்தான் நடுவில் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குச் செம்பு போனாலே இடிக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. மரத்தில் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது. குழாய்க்குள் விட்டு மண்ணில் புதையுங்கள். காட்டெருமை நடமாடும் சரிவு என்றால் குழாயை ஆழமாகப் போடுங்கள், மிதிபட்டால் நசுங்கிவிடும். இந்தப் பனியில் வெளியே இருக்கும் செம்பு முனை பச்சை பூத்துப் போவதும் இருக்கிறது.


வெலிங்டன் வாசி | திங்கள், இரவு 10:15

குன்னூர்க்காரர் சொன்னதில் ஃபைபர் பற்றி ஒரு சொல்கூட மறுக்க மாட்டேன். ஸ்விட்சில் மட்டும் மாறுபடுகிறேன்.

ஃபேக்டரிக்குள் கேமராவுக்குத் தனி ஸ்விட்ச் போடலாம், இடம் ஒன்று, கேபிள் குறைவு. பங்களாவுக்கு? அங்கே விருந்தினர் வைஃபை வேண்டும், வாசல் கேமரா இரண்டு வேண்டும், மேனேஜரின் ஆபீஸ் கணினி ஒன்று அங்கே இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று வேலைக்கு 180 மீட்டரில் மூன்று ஃபைபர் ஜோடி, இரு முனையிலும் மூன்று மூன்று ஸ்விட்ச். எந்த முதலாளி ஒத்துக்கொள்வார்? ஒரே ஃபைபர், அதில் மூன்று விலான். ஃபைபர் ஜிகாபிட்டில் ஓடினால் 48 மெகாபிட் ஒரு பொருட்டே இல்லை.

வைஃபை கருவிக்கும் விலான் இல்லாமல் வழியில்லை. ஒரே பெட்டி ‘விருந்தினர்’ என்றும் ‘ஆபீஸ்’ என்றும் இரண்டு பெயர்களை அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலான் எண். அந்தப் பெட்டி செருகும் போர்ட்டும் டிரங்க்தான்.

ரீசெட் பயம் நியாயமானது. அதற்கு மருந்து, அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்து வைப்பதும், எந்தப் போர்ட் எந்த விலான் என்று அச்சடித்து ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்குள் ஒட்டுவதும். இதை இன்று நிறையப் பேர் செய்வதில்லை. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. அரை மணி நேர வேலை அது.

தம்பி, ஸ்விட்ச் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் வரையுங்கள். எடைமேசையும் ஆபீசும் 10. கேமரா 20. விருந்தினர் 30. ஸ்விட்சுகளின் சொந்த முகவரிக்கு 99. முகவரியிலும் அதே எண் தெரியட்டும், 192.168.10, 192.168.20 என்று. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தாலும் எந்த விலான் என்று உடனே தெரியும்.


கொடை ஏரிச்சாலை | செவ்வாய், காலை 6:55

நான் கொடைக்கானலில் ஒரு விடுதியின் நெட்வொர்க் பார்க்கிறேன். என் கையால் நடந்த ஒரு தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

மே மாதம், சீசன், அறைகள் நிறைந்திருந்தன. டிரங்க் போர்ட்டில் 10, 20 அனுமதித்திருந்தேன். புதிதாக 30 சேர்க்க வேண்டும். சிஸ்கோ வகைக் கட்டளையில் ‘ஆட்’ என்ற சொல்லைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் 30 என்று கொடுத்தேன். அனுமதிப் பட்டியலோடு 30 சேரவில்லை, பட்டியலே 30 மட்டும் ஆனது. முன்பு இருந்த 10, 20 அந்த நொடியே அறுந்தது. நான் உள்ளே நுழைந்திருந்ததும் 10 வழியாகத்தான், என் இணைப்பும் போனது. கீழ்க் கட்டிடத்துக்கு மழையில் ஓடிப் போய் நேரடியாக ஸ்விட்சில் கேபிள் செருகிச் சரிசெய்தேன். அதுவரை வரவேற்பில் பில் போடவில்லை.

அதற்குப் பிறகு, தொலைவில் இருக்கும் ஸ்விட்சில் கை வைக்கும் முன் பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி வைத்துவிடுவேன். மாற்றம் தப்பாகப் போனால் பழைய அமைப்போடு எழுந்துவிடும். சரியாக வந்தால் மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பேன். சேமிப்பதை மறக்காதீர்கள். நம் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, சேமிக்காத அமைப்பு அதோடு போய்விடும்.


கோத்தகிரிக்காரன் | அடுத்த வாரம் சனி, மாலை 5:20

மேனேஜர் ஒத்துக்கொண்டார். பிரவுசர் வழியாக அமைக்கும் வகையில் மூன்று ஸ்விட்ச் வந்தது. ஃபைபர் குழாயில் போய்விட்டது. தாளில் வரைந்ததை அப்படியே போட்டேன். ஆனால் பங்களா ஸ்விட்சின் 5ஆம் போர்ட்டில் மடிக்கணினி செருகினால் முகவரி வரவில்லை. அது விருந்தினர் போர்ட். விலான் 30இல் 5ஆம் போர்ட்டை அன்டேக் என்று சேர்த்திருக்கிறேன், டிரங்க் போர்ட்டில் 30 டேக் என்று இருக்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.


வெலிங்டன் வாசி | சனி, மாலை 5:45

பிவிஐடி என்று தனிப் பக்கம் இருக்கும். அதில் 5ஆம் போர்ட் இன்னும் 1 என்று இருக்கிறதா பாருங்கள்.

இந்த வகை ஸ்விட்சுகளில் போவதற்கு ஒரு அமைப்பு, வருவதற்கு ஒரு அமைப்பு. ‘30இல் அன்டேக்’ என்றால் 30க்கு உரியதைக் குறி கழற்றி இந்தப் போர்ட்டில் வெளியே விடு என்று மட்டும்தான் பொருள். உள்ளே வரும் குறியில்லாத ஃபிரேமுக்கு எந்தக் குறி போடுவது என்பதைச் சொல்வது பிவிஐடி. உங்கள் மடிக்கணினி கூவியது 1க்குள் போய் விழுந்திருக்கும். அங்கே பதில் சொல்ல ஆளில்லை.

பிவிஐடி மாற்றிய கையோடு, அந்தப் போர்ட்டை விலான் 1இன் உறுப்பினர் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பல ஸ்விட்சுகள் தாமாக எடுக்காது. எடுக்காவிட்டால் 1இல் கூவுவது எல்லாம் விருந்தினருக்கும் கேட்கும்.


கோத்தகிரிக்காரன் | சனி, மாலை 6:30

வந்துவிட்டது சார்! 192.168.30.14. மிக்க நன்றி.

ஆனால் ஒன்று பயமாக இருக்கிறது. விருந்தினர் வைஃபையில் இருந்துகொண்டு பிரவுசரில் கேமரா ரெக்கார்டரின் முகவரியை அடித்தேன். லாகின் பக்கம் திறக்கிறது. பிரித்துவிட்டோமே?


கொடை ஏரிச்சாலை | சனி, இரவு 7:15

இது எல்லோருக்கும் வரும். ஸ்விட்ச் பிரித்துவிட்டது, ரூட்டர் சேர்த்துவைக்கிறது. ரூட்டருக்கு 10, 20, 30 மூன்றிலும் கால் இருக்கிறது. தன்னிடம் நேரடியாக இணைந்த நெட்வொர்க்குகளுக்கு நடுவே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் ரூட்டரின் பிறவி வேலை. நீங்கள் தடுக்கச் சொல்லவில்லை, அதனால் தடுக்கவில்லை. விலான் சுவர் மட்டும்தான் கட்டும். கதவு ரூட்டரில் இருக்கிறது, பூட்டும் அங்கேதான் போட வேண்டும்.

ரூட்டரின் ஃபயர்வால் விதியில், அதாவது எது போகலாம் எது கூடாது என்ற பட்டியலில், விருந்தினர் 30இலிருந்து இணையத்துக்கு மட்டும் அனுமதி, 10, 20, 99க்குத் தடை. ஆபீஸ் 10இலிருந்து 20க்குத் தொடங்கும் இணைப்புக்கு அனுமதி, அதற்கான பதில் திரும்பி வரலாம். கேமரா 20 தானாக எங்கேயும் தொடங்கக் கூடாது, இணையத்துக்கும் கூடாது. அப்படிச் செய்தால் கேமரா இணையத்திலிருந்து நேரம் எடுக்க முடியாது, கடிகாரம் மெல்ல விலகும். ரெக்கார்டரையே நேரம் கொடுக்கும் சர்வராக வைத்துவிடுங்கள். நேரம் தப்பான பதிவு, திருட்டு நடந்தால் சாட்சிக்கு உதவாது.

ரூட்டரின் சொந்த லாகின் பக்கத்தையும் விருந்தினரிடமிருந்து மூடுங்கள். அதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.


கூடலூர் மாணவி | ஞாயிறு, காலை 10:05

நேட்டிவ் விலானை 1ஆக விடக் கூடாது என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஏன் என்று ஒரு இடத்திலும் எனக்குப் புரியும்படி இல்லை அண்ணா.


வெலிங்டன் வாசி | ஞாயிறு, காலை 11:40

மறுபடி லாரிக்கு வருவோம் மா. குறி இல்லாத சாக்கு ஒன்று லாரியில் வந்தால் எங்கே இறக்குவது? ‘குறி இல்லாததெல்லாம் இந்த வரிசை’ என்று ஒரு வரிசை வைத்திருப்பார்கள். டிரங்கில் அதுதான் நேட்டிவ் விலான்.

இப்போது ஒருவன் ஒரு சாக்கில் இரண்டு குறி போட்டு அனுப்புகிறான். வெளியே 1, அதற்கு உள்ளே 10. அவன் இருப்பது விலான் 1, டிரங்கின் நேட்டிவும் 1. முதல் ஸ்விட்ச் ‘இது 1, நேட்டிவ், குறி தேவையில்லை’ என்று வெளிக் குறியைக் கழற்றி டிரங்கில் விடும். அடுத்த ஸ்விட்ச் பார்ப்பது உள்ளே இருந்த 10. நேராக எடைமேசை வரிசையில் இறக்கிவிடும். பதில் அதே வழியில் திரும்பாது. ஒரு பக்கம் மட்டும் போகும், ஆனாலும் தொல்லை செய்யப் போதும்.

யாருமே இல்லாத ஒரு எண்ணை, 999 என்று வையுங்கள், இரு முனையிலும் நேட்டிவாக வைத்துவிட்டால் இந்த வித்தை செல்லாது. இரு முனையிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 999, இன்னொரு பக்கம் 1 என்றால் இரண்டு விலான் ஒன்றோடொன்று கசியும்.


கோத்தகிரிக்காரன் | புதன், இரவு 9:10

எல்லாம் போட்டாகிவிட்டது. இன்று இலை வரத்து முடிந்த பிறகு வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தேன். அதே மாதிரி ஒரு பயண ரூட்டரை வாங்கிப் பங்களா அறையில் செருகிவிட்டு, ஃபேக்டரிக்கு நடந்து வந்து எடைமேசை கணினியை அணைத்துப் போட்டேன். 192.168.10.21 என்று வந்தது. ஒரு வெற்றுப் பில் அடித்துப் பார்த்தேன், வந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் பங்களாவில் மற்ற இரண்டு அறைகளிலும் தப்பான முகவரி வந்துவிட்டது. ஒரே விலான், அதனால்தானே?


வெலிங்டன் வாசி | புதன், இரவு 9:35

ஆமாம், விலான் சண்டையை ஒரு வீட்டுக்குள் அடக்கியது, வீட்டுக்குள் நடப்பதை நிறுத்தவில்லை. உங்கள் ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிரங்க் போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று குறித்து, 30க்கு அதை இயக்குங்கள். முகவரி கொடுக்கும் பதில் வேறு எந்தப் போர்ட்டிலிருந்து வந்தாலும் ஸ்விட்ச் அங்கேயே தடுத்துவிடும். வைஃபையில் விருந்தினர் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி கிளையன்ட் ஐசொலேஷனையும் போட்டுவிடுங்கள்.


கோத்தகிரிக்காரன் | புதன், இரவு 10:50

இருக்கிறது சார், போட்டுவிட்டேன். ரூட்டர் செருகியே இருக்கிறது, மூன்று அறையிலும் சரியான முகவரி வருகிறது. அமைப்புக் கோப்பு மூன்றையும் பென்டிரைவில் எடுத்து எடைமேசை டிராயரில் வைத்தாகிவிட்டது. போர்ட் பட்டியலைக் கதவுக்குள் ஒட்டிவிட்டேன், ஈரம் ஏறாமல் இருக்க லேமினேட் செய்து. மரத்தில் கட்டியிருந்த பழைய கேபிளை நாளை அவிழ்க்க ஆள் சொல்லியிருக்கிறேன்.